பத்துக்குப் பத்தில் ஒரு மார்கழி!

'குளிர்காலம்' என்று சொல்லிப் பாருங்கள், சிவகாசிக்காரர் சிரித்துவிடுவார். ஊட்டிக்காரர் ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போடுகிற வெயில்தான் இங்கே மார்கழி மத்தியானம். ஆனாலும் விடியற்காலை நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பிக்கிற நேரத்தில் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். துண்டைத் தலையில் சுற்றி, காதைப் பொத்தி, பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிமாரைப் பார்த்தால் இமயமலை அடிவாரத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். இருபது டிகிரிக்கு மங்கி குல்லாய் போடுகிற ஊர் ஐயா இது!

திருப்பாவை பாடிய ஆண்டாளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசியிலிருந்து பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆகவே மார்கழி என்பது இந்த வட்டாரத்துக்குச் சொந்த மாதம். விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல், சிவகாசி, வெம்பக்கோட்டை, அப்படியே தெற்கே கோவில்பட்டி வரை கோடு போட்டால் வருகிற கரிசல் பூமி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் சோறு போடுகிற பூமி.

மற்ற ஊர்களில் மழை வேண்டி யாகம் நடத்துவார்கள். இங்கே மேகம் கூடினால் வானத்தை முறைப்பார்கள்! காரணம் இருக்கிறது. விவசாயத்தை நம்ப முடியாத வறண்ட ஊர் என்பதால்தான் 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். எந்த வெயில் பயிரைக் கொன்றதோ அதே வெயில் தீக்குச்சியைக் காயவைத்தது. பின்னாலேயே பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. ஆக, ஊர் முழுக்க வெயிலின் தயவு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை வந்தால் மட்டும் எல்லாருக்கும் கை கட்டிப் போய்விடும்.

ஒரு விஷயம். இந்தப் பக்கம் போய் ஒரு அம்மாவிடம் "எங்கே வேலை?" என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்பார். ஃபைல், ஃபேன், பியூன் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்! ஃபாக்டரிக்கு இங்கே அதுதான் பெயர். கலெக்டர் ஆபீஸுக்கு அடுத்தபடி மரியாதையான வார்த்தை.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீஸுக்குப் பூட்டு விழும். போனஸ் வாங்கி, பிள்ளைகளுக்குத் துணி எடுத்து, சாமி கும்பிட்டு முடித்தால் கையில் மிச்சம் இருப்பது மழையும் விடுமுறையும்தான். சில வாரம் கழித்து நல்ல நாள் பார்த்து, பூஜை போட்டுத் திறப்பார்கள். திறந்தாலும் ஈரக் காற்றில் வேலை மந்தமாகத்தான் ஓடும். இந்த இடைவெளியில் ஆபீஸ் என்ன செய்கிறது? வீட்டுக்கு வந்துவிடுகிறது!

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? பத்துக்குப் பத்து ஒரே அறை. கொஞ்சம் வசதி என்றால் முன்னால் ஒரு தாழ்வாரம். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் அரிசிப் பானை, குறுக்கே துணிக்கொடி, மேலே பரண், நடுவில் இலவச டி.வி. ராத்திரி அம்மா, அப்பா, ஆச்சி, மூன்று பிள்ளைகள் படுப்பார்கள். யாராவது ஒருவர் புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். விருந்தாளி வந்தால் அப்பா தெருவுக்கு 'டிரான்ஸ்ஃபர்'!

இத்தனைக்கும் நடுவில்தான் காகிதக் குழாய் சுற்றும் வேலை. அடுத்த தீபாவளிக்கு நாம் கொளுத்தப் போகிற வெடிக்கு உடம்பு இந்த அறையில்தான் தயாராகிறது. அளவாக வெட்டின பழுப்புக் காகிதம், ஓர் இரும்புக் கம்பி, ஒரு பலகை, ஒரு கிண்ணம் மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. காகிதத்தைக் கம்பியில் வைத்து உள்ளங்கையால் ஒரு உருட்டு. கடைசி ஓரத்தில் பசை. இன்னொரு உருட்டு. கம்பியை உருவினால் குழாய். எழுதுகிற எனக்கே நாலு வரி ஆயிற்று. அவர்களுக்கு நாலு நொடிகூட ஆவதில்லை. கண் டி.வி. சீரியலில், வாய் பக்கத்து வீட்டு மதினியோடு, கை மட்டும் குழாயில்.

"ஏ மதினி, ஒனக்கு எத்தன குரோஸ் ஆச்சு?"

"எங்கிட்டு ஆக... நேத்து உருட்டுனதே இன்னும் காயல. வானத்தப் பாரு, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு!"

பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும். குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு. கூலி குரோஸ் கணக்கில். கார்த்திகை, மார்கழியில் பிரச்னை உருட்டுவது அல்ல, காயவைப்பது. தெருவில் பரப்பினால் தூறல். ஆகவே குழாய்கள் பரணுக்கு ஏறும், கட்டிலுக்கடியில் நுழையும், துணிக்கொடிக்குக் கீழே சாக்கில் படுக்கும். குழாய்க்கு இடம் கொடுத்து மனுஷர்கள் ஒதுங்கிப் படுக்கிற காலம் அது. ஈரக் குழாயை ஏஜென்ட் எடுக்க மாட்டார். குழாய் காயாவிட்டால் வயிறு காயும்!

இந்தச் சந்தடியிலும் ஒரு காரியத்தை மட்டும் விடுவதில்லை. வாசல் கோலம். உள்ளே கால் நீட்ட இடமில்லாவிட்டால் என்ன? வெளியே தெரு முழுக்க இடம்தானே! சாணி தெளித்து, புள்ளி வைத்து, இழுத்து, நடுவில் சாணிப் பிள்ளையார் வைத்து, தலையில் பூசணிப் பூ. நாள் முழுக்க ஒரே மாதிரி குழாய் உருட்டுகிற கை, விடிகாலையில் ஒரு நாள் போட்ட கோலத்தை மறுநாள் போடுவதில்லை. இதை எந்த ஏஜென்டும் குரோஸ் கணக்கில் எண்ணுவதில்லை என்பது ஒரு நிம்மதி.

இப்போது அந்த அறையின் சுவரைப் பாருங்கள். ஆணி ஒன்று, அதில் காலண்டர் ஒன்று. அண்ணாச்சி மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ ஓசியில் வாங்கியது. இதுவும் உள்ளூர்ச் சரக்குதான். காலண்டருக்குச் சிவகாசியில் ஒரு தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. ஆடிப் பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். நாமெல்லாம் ஆடித் தள்ளுபடியில் புடவை தேடும்போது அவர்கள் அடுத்த ஜனவரியில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்! மார்கழியில் லாரி லாரியாகப் போகும். ராகு காலம், எமகண்டம், கௌரி பஞ்சாங்கம், ராசி பலன் எல்லாம் சேர்த்துத் தமிழ்நாடு முழுக்க ஒரு வருஷம் கிழிக்க வேண்டிய நாள்கள் மூட்டை கட்டிப் போகின்றன.

அந்தக் காலண்டரில் உள்ள சாமி எங்கிருந்து வந்தார் தெரியுமா? அதுவும் ஒரு சின்ன இடத்திலிருந்துதான்.

சி. கொண்டைய ராஜு என்ற பெயர் இன்றைய வாசகர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் போட்ட படத்துக்கு உங்கள் பாட்டி கட்டாயம் கற்பூரம் காட்டியிருப்பார். 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் போய் இருந்தார். (ரமணரும் இந்த மண்ணுக்காரர்தான். இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல், மார்கழித் திருவாதிரைச் சமயத்தில் பிறந்தவர்.) பிறகு நாடகக் கம்பெனியில் சீன் வரைகிற வேலை. அரண்மனை, நந்தவனம், காடு, கைலாசம் எல்லாவற்றையும் துணியில் எழுதி மேலிருந்து கீழே இறக்குவதுதான் உத்தியோகம். ஊர் ஊராகப் போன கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தது. நடிகர்கள் மூட்டை கட்டினார்கள். ராஜு கட்டவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து என்று சேர்க்கவில்லை. சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று வரிசையாகப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். சுப்பையாவின் 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' அவர்களுக்குப் பட்டறை. ஃபோட்டோ எடுப்பது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் பூசுவது, கூடவே சாமி படம். இருபது அடித் திரையில் வீசி வீசி வரைந்த கை, முழங்கால் உயர அட்டைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துக் காலண்டர்களை நிதானமாகப் பாருங்கள். முருகனோ, லட்சுமியோ, மீனாட்சி கல்யாணமோ, எதுவானாலும் சரி. பின்னால் தூண்கள், படிக்கட்டு, மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை, தூரத்தில் மலை. முன்னால் சாமி நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். நாடக மேடையில் கதாநாயகன் லைட்டுக்கு நேரே வந்து நிற்பானே, அதே நிலை! சீன் வரைந்த மனுஷர் தெய்வங்களுக்கும் சீன் போட்டுக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரவி வர்மாவும் 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து சாமி படங்களை வீடுகளுக்கு அனுப்பினார், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் ராஜ குடும்பத்து உறவுக்காரர். அந்தப் படங்களில் ஒரு அரண்மனை வாசனை உண்டு. ராஜுவின் தெய்வங்கள் டூரிங் நாடகக் கொட்டகை வழியாக வந்ததால் டீக்கடையிலும் சலூனிலும் கூச்சமில்லாமல் உட்கார்ந்துகொண்டன.

இன்னொரு சங்கதி. பல படங்களின் ஓரத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். குருவின் பெயரும் சீடனின் பெயரும் சேர்ந்து. சீடன் வரைந்ததில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிற குருமார்கள் உலகத்தில் நிறைய. அந்தக் கணக்கில் இந்த இரட்டைக் கையெழுத்து லேசான விஷயமில்லை. 

காசு? அதைக் கேட்காதீர்கள். படம் ஒரு தரம் கை மாறினால் உரிமையும் கூடவே போய்விடும் என்பதுதான் அந்தத் தொழிலின் பழைய வழக்கம். அச்சகம் எத்தனை லட்சம் போட்டாலும் வரைந்தவருக்கு முதலில் வந்தது மட்டும்தான். கோவில்பட்டியில் எழுதிய படம், சிவகாசி மெஷினில் நாலு வர்ணத்தில் ஏறி, பெனாங்கு வரைக்கும் பூஜை அறைக்குப் போனது. எழுதியவர் கோவில்பட்டியிலேயே இருந்தார். 1976-ல் மறைந்தார். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீஃபன் இங்லிஸ் அவரைப் பற்றி விரிவாக எழுதின பிறகு, நம்மவர்கள் 'அப்படியா!' என்று திரும்பிப் பார்த்தார்கள். வழக்கம்தானே!

சரி, அறைக்குத் திரும்புவோம். குழாய் வரலாம், காகிதம் வரலாம், காலண்டர் அட்டை வரலாம். ஒன்று மட்டும் வரக்கூடாது. மருந்து!

பட்டாசுக்குள் போகிற ரசாயனத்துக்கு இங்கே அதுதான் பெயர். உடம்பு சரியாகிற மருந்து இல்லை. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு வகையறா. வெயிலில் உராய்ந்தால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஈரத்திலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சேர்ப்பது. ஆகவே மார்கழி ஈரமும் வைகாசி வெயிலும் மருந்துக்கு ஒன்றுதான், இரண்டையும் நம்ப முடியாது. இடி மின்னல் என்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்பது விதி.

பட்டாசு ஆபீஸிலும் சின்னச் சின்ன அறைகள்தான். மருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஓடித் தப்பிக்கக் கதவுகள் வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஏதாவது ஆனால் ஒரு அறையோடு போகட்டும் என்பது அந்தக் கணக்கு. கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். நாற்பது பேர் அளவுக்குப் பலி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். நாலு பேர் அறையில் எத்தனை பேர், மர நிழலில் எத்தனை பேர் என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் எழுகிறது. அடுத்த தீபாவளி ஆர்டர் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது.

ஆபீஸ் அறைக்காவது சட்டம் இருக்கிறது. ஆறு பேர் படுக்கிற வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரே வாசல் உள்ள அறையில் திருட்டுத்தனமாக மருந்து இறங்கினால்? இறங்கத்தான் செய்கிறது. வெறும் குழாய்க்குக் கிடைப்பதைவிட மருந்து போட்ட குழாய்க்குக் கூலி அதிகம். வெம்பக்கோட்டை பக்கம் தாயில்பட்டியில் 2021 ஜூனில் ஒரு வீடே வெடித்து உயிர்கள் போயின. 'பேராசை' என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மழைக் காலத்தில் ரேஷன் அரிசியோடு மட்டும் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள் போய்விட்டு வந்து அந்த வார்த்தையைச் சொல்லட்டும். வீட்டில் மருந்து கூடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் கூடாது என்கிறவர்கள், மருந்தில்லாத குழாய்க்குக் கூலியை ஏற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு தரமாவது பேசியிருக்கலாம்.

வீட்டு வேலை என்றால் பிள்ளைகள் கையும் அதில் சேரும். தீப்பெட்டி ஒட்டுகிற காலத்தில் அப்படித்தான் ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் பார்க்காமல் போனது. சிவகாசிப் பிள்ளைகள் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று. இப்போது குழாய் மூட்டைக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகம் கிடக்கிறது. அந்த வீட்டம்மாக்களுக்கு அதில் இருக்கிற பெருமை இருக்கிறதே! குழாய்க் கணக்கைக்கூட பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத விடுவதில்லை.

மழை மட்டும்தான் வேலையை நிறுத்தும் என்று நினைத்திருந்த ஊருக்கு 2018-ல் வேறொரு குளிர்காலம் வந்தது. டில்லியில் புகை தாங்காமல் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் 2015-ல் போட்ட வழக்கு. 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும். டில்லி டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தக் குழந்தைகளைக் குறை சொல்ல மாட்டார்கள். அங்கே பனியும் புகையும் சேர்ந்து நெஞ்சில் உட்காரும். ஆனால் பச்சை ஒளிக்கு பேரியம் இல்லாமல் என்ன செய்வது, பசுமைப் பட்டாசுக்கு ஃபார்முலா எங்கே என்று யாருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. தீபாவளிக்குப் போட்ட பூட்டு பூட்டாகவே நின்றது. கார்த்திகை போனது, மார்கழி போனது, பொங்கல் போனது. டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் நின்றார்கள். நிஜ ஆபீஸுக்கு அவர்கள் மொத்தமாகப் போனது அன்றைக்குத்தான்! மார்ச் வாக்கில்தான் மெல்ல மெல்லக் கதவு திறந்தது.

அந்த மாதங்களில் காகிதக் கட்டு வரவில்லை. அறையில் குழாய் இல்லை. பரண் காலி, கட்டிலுக்கடியில் காலி. எல்லாரும் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. தூக்கம்தான் வரவில்லை.

மற்ற வருஷங்களில் தை பிறந்ததும் தெருவே மாறிவிடும். ஈரம் போய், சுள்ளென்று வெயில் இறங்கும். மிச்சக் குழாயெல்லாம் வாசலில் பாயில் படுத்துக் காயும். சின்ன வண்டியில் ஏஜென்ட் வருவார்.

"யக்கா, எத்தன?"

"எண்ணிக்கோங்க அண்ணாச்சி. போன தடவ மாதிரி ஒரு குரோஸ் முழுங்கிராதீங்க!"

எண்ணி, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றினால் அறை பளிச்சென்று பெரிசாகத் தெரியும். பிள்ளைகள் சுவருக்குச் சுவர் உருண்டு விளையாடும். ஆச்சி காலை நீட்டி வெற்றிலை இடிப்பார். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் அதே வண்டி அடுத்த காகிதக் கட்டோடு வாசலில் வந்து நிற்கும். அடுப்பில் ஏற்கெனவே பசை கொதித்துக்கொண்டிருக்கும்.